யாரோ கொடுத்த கிழங்கு

ஒரு காட்டில் அழுங்கு ஒன்று இருந்தது, குழந்தைகளே. இருந்தது என்று நான் சொல்கிறேனே தவிர, அது அங்கே இருப்பது பாதி விலங்குகளுக்குத் தெரியாது. எறும்புதின்னி என்று சொன்னால் உங்களுக்குச் சட்டென்று புரியும். உடம்பு முழுக்கச் செதில், நீளமான மூக்கு, அதைவிட நீளமான நகம். அதற்கு இருந்த குணம் ஒன்றே ஒன்றுதான். கூச்சம்.

யாராவது எதிரே வந்து, "என்ன அழுங்கு, சௌக்கியமா?" என்று கேட்டால் போதும். பதில் வராது. நின்ற இடத்தில் ஒரு பந்து கிடக்கும். கேட்டவர் போய் நெடுநேரம் ஆன பிறகுதான் அந்தப் பந்து மெல்லப் பிரிந்து, "சௌக்கியம்" என்று தரையைப் பார்த்துச் சொல்லும்.

காடு இருந்தது ஒரு மலைச் சரிவில். சரிவின் அடியில் ஓர் ஊர். ஊரில் ஒரு சின்ன மாதா கோயில். கிறிஸ்துமஸ் அன்று விடியற்காலையில் அந்தக் கோயில் மணி அடித்தால் மலை முழுக்கக் கேட்கும்.

ஒரு வருடம் குரங்கு ஒன்று, அன்றைக்கு ஊருக்குள் அப்படி என்னதான் நடக்கிறது என்று பார்த்துவரப் போயிற்று. கோயிலுக்கு எதிரே இருந்த புளியமரத்தில் ஏறி உட்கார்ந்தது.

கண்ணால் அது கண்டது ஒன்று. துணி போட்டு மூடிய தட்டுகளை எடுத்துக்கொண்டு ஆட்கள் வீடு வீடாகப் போனார்கள். கதவைத் தட்டினார்கள், கொடுத்தார்கள், சிரித்தார்கள், திரும்பிவிட்டார்கள். காதால் அது கேட்டது இன்னொன்று. கோயில் வாசலில் கட்டியிருந்த ஒலிபெருக்கி மூச்சு விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

"வாசல் பந்தல் உபயம் இன்னார்! சீரியல் பல்பு உபயம் இன்னார்! இந்த மைக்செட் உபயம் இன்னார்!"

காட்டுக்குத் திரும்புவதற்குள் குரங்கு கண்ணால் கண்ட தட்டுகளை மறந்துவிட்டது. காதால் கேட்டது மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. எல்லாரையும் கூட்டி வைத்து, "கிறிஸ்துமஸ்னா வேற ஒண்ணுமில்ல. குடுக்கணும். குடுத்தவங்க பேரைக் கத்தணும். அவ்வளவுதான்!" என்றது. குரங்கை நம்பி ஒரு பண்டிகையை ஆரம்பித்தால் இப்படித்தான் ஆகும்.

காட்டெருமைக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போயிற்று. எருமை என்பதற்கு முன்னால் ஒரு 'ப்' போட்டுப் பாருங்கள். பெருமை! அதுதான் அதன் குணம்.

"ஒலிபெருக்கிக்கு எங்க போறது?" என்று கேட்டது கரடி.

"இருவாச்சி இருக்கும்போது ஒலிபெருக்கி எதுக்கு?" என்றது காட்டெருமை.

இருவாச்சிப் பறவை கத்தினால் எதிர்மலையில் தூங்குகிறவர்களும் எழுந்துவிடுவார்கள். அதற்கு ஒரு கொள்கையும் உண்டு. காதில் விழுந்ததை அப்படியே கத்தும். ஒரு தடவை கத்தியதைத் திரும்ப வாங்கவே வாங்காது.

அப்படியாக அந்தக் காட்டில் ஒரு சட்டம் வந்தது. கிறிஸ்துமஸ் சமயத்தில் எதையாவது வாங்கிக்கொள்கிறவர், கிறிஸ்துமஸ் மத்தியானம் காட்டு நடுவில் இருந்த வட்டப் பாறையில் ஏறி நிற்க வேண்டும். இருவாச்சி மரத்தின் உச்சியிலிருந்து கொடுத்தவர் பெயரைக் கத்தும். பெயர் வந்ததும், வாங்கியவர் அந்தப் பெயருக்கு உரியவரை மூன்று தடவை கும்பிட்டு, "உங்க தயவுலதான் பொழைச்சேன்" என்று எல்லாரும் கேட்கச் சொல்ல வேண்டும்.

அத்தோடு முடிந்தால் பரவாயில்லையே! ஒரு வருடம் முயல் ஒன்று காட்டெருமையிடம் ஒரு கட்டுப் புல் வாங்கியது. அன்றிலிருந்து காட்டெருமை அதை எங்கே பார்த்தாலும், "இது யாரு தெரியுமா? நான் போட்ட புல்லைத் தின்னு வளர்ந்த முயல்!" என்று நாலு பேரைக் கூப்பிட்டுச் சொல்லும். பாவம், அந்த முயல் நாலு பேர் இருக்கும் நேரத்தில் ஓடைக்குத் தண்ணீர் குடிக்கப் போவதையே விட்டுவிட்டது.

அழுங்கு அந்தப் பாறைப் பக்கம் தலைவைத்தும் படுக்காது. தன் பெயரை அத்தனை பேர் முன்னால் கத்துவதை நினைத்தாலே அது பந்தாகிவிடும். அதனால் அது யாருக்கும் எதையும் கொடுக்கப் போவதில்லை. "சரியான கஞ்சன்" என்று காடே அதைப் பற்றிப் பேசியது. பேசிவிட்டுப் போகட்டும் என்று அது எறும்பு தேடிப் போய்விடும்.

நான் சொல்ல வந்த வருடம் ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை முடிந்தும் விடவில்லை. சரிவில் மண் இறங்கியது. முள்ளம்பன்றி ஒன்றின் வளைக்குள் தண்ணீர் புகுந்து, சேர்த்து வைத்திருந்த கிழங்கெல்லாம் அழுகிப்போயிற்று. உருண்டு வந்த கல் ஒன்று அதன் முன்னங்காலில் விழுந்து கால் வீங்கிவிட்டது. நொண்டி நொண்டி நடக்கலாம், தோண்ட முடியாது. தோண்டித் தின்கிற விலங்குக்கு முன்னங்கால் போனால் அப்புறம் என்ன இருக்கிறது?

அதற்குத் தகப்பன் இல்லாத இரண்டு குட்டிகள். பெரியவன் பெயர் ஊசி. சின்னவள் பெயர் குண்டூசி. மூன்றும் அழுங்கின் வளைக்குப் பக்கத்தில், ஒரு பாறைக்கு அடியில் இருந்த பொந்தில் வந்து ஒதுங்கின. இரண்டு வீட்டுக்கும் நடுவில் பத்து முழம் மண். அவ்வளவுதான்.

மண்ணுக்குள் சத்தம் நன்றாகக் கேட்கும். முதல் நாள், "அம்மா, பசிக்குது!" என்று குட்டிகள் கத்துவது அழுங்குக்குக் கேட்டது. இரண்டாம் நாள் அதே வார்த்தை கொஞ்சம் மெதுவாகக் கேட்டது. மூன்றாம் நாள் முனகல் மட்டும் வந்தது. அழுங்கு சாப்பிட உட்கார்ந்த எறும்புப் புற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்தது.

இன்னும் இரண்டு மூன்று நாள் இப்படியே போனால் அந்தக் குட்டிகள் பிழைக்காது. அது அழுங்குக்குத் தெரிந்துவிட்டது.

அதனிடம் கிழங்கு இருந்தது. எறும்பு தேடித் தோண்டும்போது வழியில் வள்ளிக்கிழங்கு குறுக்கே வரும். அழுங்கு அதைத் தின்னாது, ஒரு மூலையில் ஒதுக்கிவிட்டுப் போகும். அப்படி ஒதுக்கியதே ஒரு குவியல் சேர்ந்திருந்தது. அதில் நல்லதாக ஒன்றை எடுத்துக்கொண்டு, பத்து அடிக்கு ஒரு தடவை நின்று நின்று, கடைசியில் முள்ளம்பன்றியின் வாசலுக்குப் போயிற்று.

"தங்கச்சி," என்றது தரையைப் பார்த்து. "கிழங்கு."

முள்ளம்பன்றி வெளியே வந்தது. கிழங்கைப் பார்த்ததும் அதன் மூக்கு துடித்தது. ஆனாலும் அது ரோஷக்காரி.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க," என்றது. "கிறிஸ்துமஸ் வந்தாச்சு. இப்ப எதை வாங்கினாலும், குடுத்தவங்க பேர் தெரிஞ்சா பாறை ஏறணும். சட்டம் அப்படி. உங்களைக் கும்பிடறதுக்கு எனக்கு ஒண்ணும் வலிக்காது. ஆனா என்னைப் பாறையில ஏத்தி நிறுத்துறதை என் பிள்ளைங்க பார்க்குமே? அதுங்க முள்ளு அப்புறம் நிமிரவே நிமிராது."

"நான்... யார்கிட்டயும்... சொல்ல மாட்டேன்."

"நீங்க சொல்ல மாட்டீங்க. நான் சொல்லுவேனே! எனக்குப் பொய் வராது. யார் குடுத்ததுன்னு கேட்டா, அழுங்கண்ணன்னு சொல்லிடுவேன். அப்புறம் இருவாச்சி உங்க பேரை நாலு மலைக்குக் கேக்கற மாதிரி..."

அவ்வளவுதான். தன் பெயரை நாலு மலைக்குக் கேட்கும்படி கத்துவதை அழுங்கு நினைத்துப் பார்த்தது. அடுத்த கணம் வாசலில் ஒரு பந்து. வாசலோ சரிவு. பந்து கடகடவென்று உருண்டு ஓடைக்கரைப் புதரில் போய் முட்டி நின்றது. கிழங்கு அதன் பின்னாலேயே உருண்டு வந்து தலையில் ஒரு இடி இடித்தது.

ஓடைக்கரையில் காட்டெருமையும் கரடியும் பேசிக்கொண்டிருந்தன. கரடியின் கை இரண்டும் மண். அதன் பக்கத்தில் கிழங்குகள் மலையாகக் குவிந்திருந்தன.

"இவ்வளவும் அந்த முள்ளம்பன்றிக்கா?" என்று கேட்டது கரடி.

"அதுக்குத்தான்," என்றது காட்டெருமை.

"அப்ப இப்பவே கொண்டுபோய்க் குடுத்துடலாமே? குட்டிங்க பசியில கிடக்குதாம்."

"உனக்கு உடம்பு வளர்ந்த அளவுக்குப் புத்தி வளரலையே! பசி நல்லா முத்தட்டும். கிறிஸ்துமஸ் மத்தியானம் தானா பாறைக்கு வரும். அந்த ரோஷக்காரியே என்னைக் கும்பிட்டான்னு காடு பேசணும்."

பந்துக்குள் இருந்த அழுங்குக்குக் கோபம் வந்தது. வாழ்க்கையில் அதற்கு வந்த முதல் கோபம் அதுதான். அந்தக் கோபத்திலேயே முள்ளம்பன்றி சொன்னது அதன் நினைவுக்கு வந்தது. 'குடுத்தவங்க பேர் தெரிஞ்சா பாறை ஏறணும்.'

"தெரிஞ்சாத்தானே?" என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டது அழுங்கு. "தெரியாட்டா?"

வீட்டுக்கு ஓடியது. தன் வளையின் சுவரைப் பார்த்து நின்றது. பத்து முழம் மண். நகத்தைத் தீட்டிக்கொண்டு தோண்ட ஆரம்பித்தது.

இரண்டு நாள் தோண்டியது. பாறை வந்தால் சுற்றிக்கொண்டு போயிற்று, வேர் வந்தால் கடித்தது. எறும்புப் புற்று ஒன்று வந்தபோதுகூட, நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு ஓரமாகப் போயிற்று. ஒரு நகம் பாதியில் ஒடிந்தது. கடைசியில் ஒரு முழம்தான் பாக்கி. அங்கே ஒரு சங்கடம். மண்ணுக்குள் சரளைக்கல். நகம் பட்டால் கர்ரென்று சத்தம். முள்ளம்பன்றியின் காது லேசுப்பட்ட காது இல்லை.

அப்போதுதான் கிறிஸ்துமஸ் விடிந்தது. கீழே மாதா கோயில் மணி அடிக்கத் தொடங்கியது.

டாண்! அழுங்கு ஒரு தடவை தோண்டியது. மணி நின்றபோது நகமும் நின்றது. டாண்! இன்னொரு தடவை. அன்று அந்த ஊர்க்காரர்கள் மணியை நெடுநேரம் அடித்தார்கள். புண்ணியவான்கள். கடைசி மணிக்கு முள்ளம்பன்றி வீட்டுத் தரையில், மூன்றும் தூங்கிய மூலைக்குத் தள்ளி, ஒரு துளை விழுந்தது. அழுங்கு ஒவ்வொரு கிழங்காக மூக்கால் தள்ளி மேலே ஏற்றியது. எல்லாம் போனதும், துளையை மண்ணால் மூடிவிட்டு, சுவரில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தது.

"அம்மா! அம்மா!" குண்டூசியின் குரல். "யாரோ கிழங்கு வெச்சிருக்காங்கம்மா!"

"யாரு?"

"யாரோ!"

முள்ளம்பன்றி வெளியே போயிற்று. பக்கத்தில் இருந்த எல்லாரையும் கேட்டது. "நீங்களா?" என்று முயலைக் கேட்டது. "நீங்களா?" என்று கீரியைக் கேட்டது. எல்லாரும் இல்லை என்றார்கள். அழுங்கின் வாசலிலும் வந்து நின்று, "அண்ணே, நீங்களா?" என்று கேட்டது. உள்ளே ஒரு பந்துதான் கிடந்தது. பந்து எப்போதும் பதில் சொல்லாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே? முள்ளம்பன்றி திரும்பிப் போய், "தின்னுங்க, கண்ணுங்களா," என்றது.

கறுக் முறுக் என்று மண்ணுக்குள் சத்தம் வந்தது. அதைப் போல இனிமையான சத்தத்தை அழுங்கு அதுவரை கேட்டதே இல்லை. சந்தோஷத்தில் அதற்குக் கண் நிறைந்துவிட்டது.

மத்தியானம் வட்டப் பாறையைச் சுற்றிக் காடே கூடியது. காட்டெருமை கொம்பில் காட்டுப்பூ சுற்றிக்கொண்டு, கிழங்கு மலைக்குப் பக்கத்தில் நின்றது. கூட்டம் என்றால் ஓடி ஒளியும் அழுங்குகூட அன்று வந்து, எல்லாருக்கும் பின்னால் ஒரு கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டது. குட்டிகளை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசைதான்.

முள்ளம்பன்றி நொண்டிக்கொண்டே வந்தது. பக்கத்தில் ஊசி, குண்டூசி. இரண்டின் வயிறும் புடைத்துக்கொண்டு இருந்தது.

"வா வா!" என்றது காட்டெருமை. "ஏறு பாறையில. இந்தக் கிழங்கெல்லாம் உனக்குத்தான்."

"வேண்டாம் ஐயா. வயிறு நிறைஞ்சிருக்கு. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

கூட்டம் சலசலத்தது. காட்டெருமையின் காது விறைத்தது. "நிறைஞ்சிருக்கா? யாரு குடுத்தது?"

முள்ளம்பன்றி வாயைத் திறப்பதற்குள் குண்டூசி முன்னால் வந்து, "யாரோ குடுத்தாங்க!" என்று கத்தியது.

மரத்தின் உச்சியில் இருந்த இருவாச்சியின் காதில் அது விழுந்தது. காதில் விழுந்தால் கத்த வேண்டாமா? "முள்ளம்பன்றிக்குக் கிழங்கு உபயம்... யாரோ!" என்று மலை அதிரக் கத்தியது.

கரடி தலையைச் சொறிந்தது. "யாரோவா? நம்ம காட்டுல யாரோங்கற பேர்ல யாரும் இல்லியே? பக்கத்து மலைக்காரரோ?"

"நான் அவரைப் பார்த்திருக்கேன்!" என்றது குரங்கு. அதற்குத் தெரியாத ஆள் உண்டா? "வெள்ளைத் தாடி. சிவப்புச் சட்டை. முதுகுல ஒரு மூட்டை." கீழே ஊரில் பார்த்த கிறிஸ்துமஸ் தாத்தாவை அப்படியே எடுத்துவிட்டது.

"தங்கமான மனுஷரா இருக்கணும் இந்த யாரோ," என்றது கீரி. "பசிச்ச வயித்துக்குச் சத்தமில்லாம குடுத்துட்டுப் போயிருக்காரே!"

"யாரோ! யாரோ!" என்று கூட்டம் முழுக்க அதே பேச்சு. காட்டெருமையின் கிழங்கு மலையை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பொறுக்குமா?

"நிறுத்துங்க!" என்று குளம்பால் தரையை உதைத்தது. "அந்தக் கிழங்கும் நான் குடுத்ததுதான். ஆள் வெச்சுக் குடுத்தேன். முள்ளம்பன்றி, ஏறு பாறையில. கும்பிடு!"

பொய் என்று பலருக்குத் தோன்றியது. ஆனால் காட்டெருமையின் கொம்பைப் பார்த்துக்கொண்டே அதைச் சொல்ல யாருக்குத் தைரியம் வரும்? கரடி மட்டும், "நாம ஓடைக்கரையில சேர்த்தது இங்கதானே..." என்று ஆரம்பித்தது. காட்டெருமை ஒரு முறை முறைத்தது. கரடி வாயை மூடிக்கொண்டது.

முள்ளம்பன்றியால் என்ன சொல்ல முடியும்? கொடுத்தது யார் என்று அதற்கே நிச்சயமாகத் தெரியாது. இவர் இல்லை என்று எதை வைத்துச் சொல்லும்? அது மெல்லத் திரும்பிப் பாறையில் ஒரு காலை வைத்தது. பின்னால் ஊசியின் முட்கள் ஒவ்வொன்றாகப் படுத்தன. குண்டூசி அம்மாவின் வாலைப் பிடித்துக்கொண்டு, "வேண்டாம்மா, வேண்டாம்மா" என்று அழுதது.

கல்லோடு கல்லாக ஒட்டியிருந்த அழுங்குக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. 'நான்தான் கொடுத்தேன்' என்று சொல்லிவிடலாமா? சொன்னால் முள்ளம்பன்றி அதே பாறையில் ஏறித் தன்னைக் கும்பிட வேண்டும். சொல்லாவிட்டால் காட்டெருமையைக் கும்பிட வேண்டும். இரண்டு பக்கமும் அதே பாறைதான்! உடம்பு சுருளச் சுருளப் பார்த்தது. "சுருளாதே, சுருளாதே" என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டு, ஒவ்வொரு அடியாகக் கூட்டத்தின் நடுவில் வந்து நின்றது.

"ஐயா," என்றது. "ஒரு சந்தேகம்."

காடே திரும்பிப் பார்த்தது. அழுங்குக்குக் குரல் உண்டு என்பதே பலருக்கு அன்றுதான் தெரியும்.

"என்ன?" என்று உறுமியது காட்டெருமை.

"கிழங்கு உபயம் யாரோன்னு இருவாச்சியண்ணன் சொல்லிட்டாரு. சொன்னதைத் திரும்ப வாங்க மாட்டாரு. குடுத்தது நீங்கன்னா... நீங்கதான் யாரோ. அப்படித்தானே ஐயா?"

"என்னது?"

"இல்ல ஐயா, காட்டெருமைங்கற பேரை விட்டுட்டு, இனிமே எல்லாரும் உங்களை யாரோன்னுதான் கூப்பிடணுமான்னு கேட்டேன்."

கரடிக்கு இது உடனே பிடித்துவிட்டது. இரண்டு கையையும் கூப்பி, "வணக்கம், யாரோ!" என்றது.

"யாரோ ஐயா, கொஞ்சம் நகருங்க, வெயில் மறைக்குது," என்றது கீரி.

"அங்க நிக்கிறது யாரு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "யாரோ!" என்று பத்துக் குரல்கள் பதில் சொல்லின. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

காட்டெருமையின் மூக்கிலிருந்து புகை மாதிரி மூச்சு வந்தது. பூச்சுற்றிய கொம்பை உலுக்கிக்கொண்டு அது கர்ஜித்தது.

"என்னைப் பார்த்தா யாரோ மாதிரியா இருக்கு? இந்தக் காட்டுல என் பேர் தெரியாத புல்லு உண்டா, பூண்டு உண்டா? நான் என்ன யாரோவா?"

"இல்லீங்களா ஐயா?" என்றது அழுங்கு, ரொம்பப் பணிவாக.

"இல்லை! இல்லவே இல்லை! நான் யாரோ இல்லை!"

மரத்தின் உச்சியில் அலகு திறந்தது. "காட்டெருமை... யாரோ இல்லை!" என்று இருவாச்சி கத்தியது. எதிர்மலை அதைத் திருப்பிச் சொன்னது. இருவாச்சிக்கு உற்சாகம் வந்து, இன்னும் இரண்டு தடவை கத்தியது.

முதலில் புரிந்தது யாருக்குத் தெரியுமா? கரடிக்கு! "அப்ப அந்தக் கிழங்கைக் குடுத்தது இவர் இல்லை," என்றது அது.

தன் வாயால் சொன்னதைக் காட்டெருமை எந்த வாயால் மறுக்கும்? இருவாச்சியைப் பார்த்தது. இருவாச்சி தலையை ஆட்டி, "சொன்னது சொன்னதுதான்," என்றது.

முள்ளம்பன்றி பாறையிலிருந்து காலை எடுத்தது. சர்ரென்று ஒரு சத்தம். அதன் முட்கள் அத்தனையும் நிமிர்ந்து நின்றன. சர்ர். ஊசியின் முட்கள். கடைசியாகச் சின்னதாக ஒரு சர்ர். குண்டூசியின் முட்கள்! கூட்டம் கைதட்டியது, குதித்தது, மரத்துக்கு மரம் தாவியது. எனக்கே இதைச் சொல்லும்போது மயிர்க்கூச்செறிகிறது.

"யாரோவைக் கும்பிட எனக்கு ஒரு வருத்தமும் இல்லை," என்றது முள்ளம்பன்றி. "அவரை இங்க கொண்டுவந்து நிறுத்துங்க. மூணு தடவை இல்லை, முப்பது தடவை கும்பிடுறேன்."

எல்லாரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். பக்கத்தில் நிற்கிறவர்தான் யாரோவோ? தெரியவில்லையே! எதற்கும் இருக்கட்டும் என்று கீரி முயலுக்கு வழிவிட்டது. முயல் குரங்கைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தது. குரங்குகூடக் கரடிக்கு வணக்கம் வைத்தது. அந்தக் காட்டில் அத்தனை பேர் ஒரே நேரத்தில் ஒருவருக்கொருவர் மரியாதை காட்டியது அதுவே முதல் தடவை. ஓரமாக நின்ற காட்டெருமையும் அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

முள்ளம்பன்றியின் பார்வை அழுங்கின் ஒடிந்த நகத்தில் ஒரு கணம் நின்றது. மூக்கில் ஒட்டியிருந்த மண்ணிலும் நின்றது. அது ஒன்றும் கேட்கவில்லை. "வாங்க கண்ணுங்களா, வீட்டுக்குப் போகலாம்," என்று குட்டிகளைக் கூட்டிக்கொண்டு தலைநிமிர்ந்து நடந்தது. அதற்குள் கூட்டத்தின் நடுவில் ஒரு பந்து கிடந்தது. ஆனால் அந்தப் பந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தது.

அடுத்த வருடக் கிறிஸ்துமஸ் வந்தது. கோயில் மணி அடித்து ஓய்ந்தது. வட்டப் பாறையில் ஒருவரும் இல்லை.

ஆனால் முயலின் வாசலில் ஒரு கட்டு அறுகம்புல் கிடந்தது. கீரியின் வளையருகே நாலு நண்டு. குரங்கு தூங்கும் கிளையில் ஒரு கொத்து அத்திப்பழம். கரடி எழுந்து பார்த்தால் தலைமாட்டில் ஒரு தேனடை. ஒவ்வொருவரும் "யாரு? யாரு?" என்று கேட்டார்கள். எல்லாருக்கும் ஒரே பதில்தான். இருவாச்சிக்கு அன்று வேலையோ வேலை. "அறுகம்புல் உபயம் யாரோ! அத்திப்பழம் உபயம் யாரோ! தேனடை உபயம் யாரோ!"

கேளையாடு ஒன்று அப்போதுதான் குட்டி போட்டிருந்தது. சின்ன மான்தான் அது. மேயப் போக முடியாமல் படுத்திருந்தது. அதன் வாசலில் மட்டும் ஒரு பெரிய கூட்டம். ஏனென்றால், அங்கே கிடந்த பச்சைப்புல் ஆளுயரம். புல்லைச் சுற்றிலும் குளம்புத் தடங்கள், ஒவ்வொன்றும் தாம்பாளம் அகலம். தடங்கள் நேராகப் போய் ஓர் உண்ணிச்செடிப் புதரில் முடிந்தன. அந்தப் புதருக்கு மேலே இரண்டு பெரிய கொம்புகள் தெரிந்தன. ஒரு பக்கம் முழங்கால் தெரிந்தது. மறுபக்கம் வால் தெரிந்தது.

அழுங்கும் கூட்டத்தில் இருந்தது. புதருக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு எப்படி நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்று அதைவிட நன்றாக வேறு யாருக்குத் தெரியும்?

கேளையாடு கலங்கிய கண்ணோடு கேட்டது. "யாருங்க இவ்வளவு புல்லு வெச்சது?"

இருவாச்சி கழுத்தை நீட்டிக் காத்திருந்தது. கரடி வாயெடுக்கப் போயிற்று. முள்ளம்பன்றி சட்டென்று முன்னால் வந்தது. தடங்களைப் பார்த்தது. புதரைப் பார்த்தது. கொம்புகள் லேசாக நடுங்குவதைப் பார்த்தது. போன வருடம் அந்தக் கொம்புகளுக்கு முன்னால்தான் அது பாறையில் கால் வைத்தது.

"யாரோ," என்றது முள்ளம்பன்றி.

"ஆமா, யாரோ," என்றது அழுங்கு, எல்லாரும் கேட்கும்படி.

"புல்லு உபயம்... யாரோ!" என்று இருவாச்சி கத்தியது. கூட்டம் ஆரவாரம் செய்தது.

புதருக்குள் நின்ற காட்டெருமை அதைக் கேட்டது. இத்தனை வருடம் தன் பெயரைக் கத்தக் கேட்டபோது வராத ஒரு சந்தோஷம் இப்போது வந்து நெஞ்சை நிறைத்தது. பாவம், அதை மறைக்க அதற்குத் தெரியவில்லை. புதருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வால் மட்டும் வேகவேகமாக ஆடியது.

நீதி: வாங்குகிறவர் தலைநிமிர்ந்து நிற்கும்படி கொடுப்பதே கொடை.